இரண்டு குதிரைக்கு ஒரு பையன்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் அதிகமாகப் பயன்படுத்திய களப் பீரங்கி 18 பவுண்டர். அதற்கு முன்னால் பூட்டும் இருசக்கர முன்வண்டியோடு சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு டன் எடை. அதை இழுக்க ஆறு குதிரைகள், மூன்று ஜோடிகளாக. ஜோடிக்கு ஒரு டிரைவர். அவர் வண்டியில் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. இடப்பக்கக் குதிரையின் மேல் ஏறிக்கொண்டு, வலப்பக்கக் குதிரையைக் கையில் பிடித்த லகானால் நடத்துவார். இரண்டு குதிரைகளுக்கும் நடுவே அவருடைய வலது கால் ஏர்க்காலில் மோதி நசுங்கிவிடாமலிருக்க அந்தக் காலுக்கு மட்டும் ஒரு கவசம் கட்டியிருப்பார்கள். பீரங்கி நின்றதும் அவர் வேலை முடிந்துவிடாது. அந்த இரண்டு குதிரைகளின் தண்ணீர், தீவனம், தேய்ப்பு, குளம்பு, சேணம் எல்லாமே அவர் பொறுப்பு. அந்த ‘அவர்’ பல நேரங்களில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்.

போர்க்காலத்தில் மனிதனுக்கும் குதிரைக்கும் இருந்த பாசம் என்றாலே வாளை ஏந்திப் பாய்கிற குதிரைப்படை வீரன்தான் பலர் நினைவுக்கு வருகிறான். ஆனால் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கமிருந்த மேற்குப் போர்முனையின் குதிரைகளில் பெரும்பகுதி வண்டியும் பீரங்கியும் இழுத்தவை, அல்லது முதுகில் பொதி சுமந்தவை. தாக்குதலின் நடுவில் அந்தப் பாசம் பிறக்கவில்லை. விடியற்காலை இருட்டில் தண்ணீர்த் தொட்டிக்கும் தீவனப் பைக்கும் நடுவில்தான் வளர்ந்தது. ராணுவமும் அதை வெறுமனே பொறுத்துக்கொள்ளவில்லை. அதை நம்பித்தான் குதிரைகளை உயிரோடு வைத்திருந்தது. போர் முடிந்து கணக்குத் தீர்க்கும் நேரத்தில் அதே பாசத்துக்கு எந்த உரிமையும் தரவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நடந்தது புரியும்.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் ராணுவத்திடம் இருந்தவை சுமார் 25,000 குதிரைகள். அடுத்த பன்னிரண்டே நாளில் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கையகப்படுத்தினார்கள். ஏர் உழுதவை, பால் வண்டி, நிலக்கரி வண்டி, பேருந்து இழுத்தவை, வேட்டைக்குப் போனவை எல்லாம் அதில் உண்டு. விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஆனால் விற்கமாட்டேன் என்று சொல்லும் உரிமை உரிமையாளருக்கு இல்லை. கால்நடை மருத்துவர் பல்லையும் குளம்பையும் மூச்சையும் பார்த்துச் சரி என்று சொன்னால், அன்று மாலை லாயத்தில் குதிரை இருக்காது.

இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு வீட்டில் மூன்று குழந்தைகள் இருந்தார்கள். இரண்டு மட்டக்குதிரைகளைக் கொடுத்தாகிவிட்டது. மூன்றாவதான, பெட்டி என்ற பெயருள்ள வயதான பெண்குதிரையும் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. போர் அமைச்சர் கிச்சனருக்கே கடிதம் எழுதினார்கள். எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் கடற்படையில் இருக்கிறார்கள், இவளை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டார்கள். பதினைந்து கை உயரத்துக்குக் குறைவான குதிரைகளை எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. குதிரையின் உயரத்தைத் தரையிலிருந்து தோள்மேடு வரை, அதாவது பிடரி முடிகிற இடத்தில் உள்ள மேடு வரை, ‘கை’ என்ற அளவில் அளப்பார்கள். ஒரு கை நான்கு அங்குலம். பதினைந்து கை என்றால் ஏறக்குறைய 152 சென்டிமீட்டர். பெட்டி தப்பியது அவள் குள்ளமாக இருந்ததால்.

குதிரைகளின் பின்னாலேயே பையன்களும் போனார்கள். படையில் சேரக் குறைந்தபட்ச வயது 18; கடல் கடந்து போரிட 19. ஆனால் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர்கள் ஏராளம். அந்தப் போரில் வயது வராத பிரிட்டிஷ் வீரர்கள் சுமார் இரண்டரை லட்சம் என்பது மதிப்பீடு. கிராமத்துப் பையன்கள் பலர் பள்ளியை விட்டதும் பண்ணைக் குதிரைகளோடு வேலைக்குப் போனவர்கள். அவர்களுக்குக் குதிரையின் பின்னால் எப்படி நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நகரத்து மில்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் வந்தவர்களுக்கு எல்லாமே புதிது. அங்கவடி இல்லாமல் ஏறி உட்காரப் பழக்கினார்கள். கால் ஊன்ற இடமில்லாதபோதுதான் உடம்பு குதிரையின் நடையோடு அசையக் கற்றுக்கொள்ளும், அதுதான் காரணம்.

குதிரைகளும் எல்லாம் பழக்கப்பட்டவை அல்ல. உள்நாட்டுக் குதிரைகள் தீர்ந்ததும் வட அமெரிக்காவிலிருந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் கப்பலில் வந்தன. அவற்றில் பல அரைகுறையாகப் பழக்கப்பட்டவை. கப்பலின் அடித்தளத்தில் நெருக்கமாக நின்று, நுரையீரல் தொற்றோடு இறங்கியவையும் உண்டு. ஆக, மிரண்ட குதிரையும் மிரண்ட பையனும் ஒரு கட்டுக்கயிற்றின் இரு பக்கம் நின்றதுதான் பல உறவுகளின் முதல் நாள்.

அந்த முதல் நாட்களில் எது பலித்தது, ஏன் பலித்தது என்பது குதிரையின் உடலமைப்பிலேயே இருக்கிறது. குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரமும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அந்த இரண்டு இடங்களிலிருந்து சத்தமில்லாமல் வருகிறவனைக் குதிரை கடிக்கும், உதைக்கும். அதனால் முதலில் குரல், பிறகு தோள் பக்கமாக நெருங்குவது, பிறகு கழுத்தில் கை. தட்டிக்கொடுப்பதைவிடத் தோள்மேட்டைச் சொறிந்துவிடுவது நல்லது. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் வருடிக்கொள்வது அந்த இடத்தில்தான். அங்கே சொறிந்தால் அவற்றின் இதயத் துடிப்பு குறைகிறது என்பது பின்னாளில் அளந்தே பார்க்கப்பட்டது. டிரைவர்களுக்கு அந்த அளவீடு எதுவும் தெரியாது. குதிரை தலையைத் தாழ்த்தி, கீழுதடு தளர்ந்து தொங்குவதைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

பீரங்கிப் படையின் அமைப்பும் இந்த உறவுக்குத் தோதாக இருந்தது. பீரங்கியை நிலையில் விட்டதும் குதிரைகளும் டிரைவர்களும் சில கிலோமீட்டர் பின்னால் உள்ள வண்டித் தளத்துக்குத் திரும்பிவிடுவார்கள். சுடுகிறவர்கள் பீரங்கியோடு, டிரைவர்கள் குதிரைகளோடு. பகலெல்லாம் குதிரை வேலை, இரவில் குண்டுகளை ஏற்றிக்கொண்டு முன்னால் போய் வருவது. ஒரு டிரைவர் தன் சக வீரனோடு பேசியதைவிடத் தன் இரண்டு குதிரைகளோடு பேசியது அதிகமாகக்கூட இருந்திருக்கும்.

ஒரு நாளின் கணக்கு

குதிரை வேலையில் முதலில் தண்ணீர், பிறகுதான் தீவனம். குதிரையின் இரைப்பை உடம்போடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. எட்டிலிருந்து பதினைந்து லிட்டர்தான் கொள்ளும். தானியம் தின்றவுடன் நிறையத் தண்ணீர் குடித்தால் அது அரைகுறையாகச் செரித்த தானியத்தைக் குடலுக்குத் தள்ளிவிடும், வயிறு உப்பி வலி வரும் என்பது அன்றைய லாயங்களின் உறுதியான பாடம். குதிரை வாந்தி எடுக்க முடியாத பிராணி. உள்ளே போனது தவறானால் வெளியே வர வழியில்லை. அதனாலேயே தீவனத்தையும் ஒரே நேரத்தில் கொட்டாமல் நாளைக்கு நான்கைந்து முறை பிரித்துக் கொடுத்தார்கள்.

ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு பீரங்கி அணியில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குதிரைகள் இருக்கும். ஐயாயிரம் லிட்டருக்கு மேல் வருகிறதே, அதைக் குண்டு விழும் இடத்தில் எங்கே தேடுவது? பெரும்பாலும் கித்தான் தொட்டிகள், நீண்ட வரிசைகள். தொட்டியடியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு வரிசையில் வந்த குதிரைகளில் கடைசிக் குதிரை குடித்து முடிக்கும்வரை மற்றவற்றைத் திருப்பிக்கொண்டு போகக் கூடாது. கூட்டாளி திரும்புவதைப் பார்த்தால் குதிரை பாதியில் தலையைத் தூக்கிவிடும், தாகத்தோடே போய்விடும். கடிவாள இரும்பையும் வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். குடிக்கிற குதிரையின் காதைப் பார்த்தால் ஒவ்வொரு மடக்குக்கும் அது லேசாக அசையும். காது நின்றால் குடிப்பு நின்றது. குதிரை தலையை நிமிர்த்தி, வாயில் தண்ணீர் வழிய, சுற்றிலும் பார்த்துவிட்டு மறுபடி குனியும். அவசரக்காரப் பையன்கள் அந்த நிமிர்தலையே முடிவு என்று நினைத்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தன் குதிரையைத் தெரிந்தவன் காத்திருப்பான்.

நடுத்தர இழுவைக் குதிரைக்கு ஆரம்பத்தில் வகுத்த அளவு நாளைக்கு 12 பவுண்டு ஓட்ஸ், 10 பவுண்டு உலர்புல். கிலோ கணக்கில் ஐந்தரைக்குச் சற்றுக் குறைவும் நாலரையும். கனத்த குதிரைகளுக்குக் கூடுதல். இந்தத் தீவனம் முழுவதும் கடல் தாண்டி வந்தாக வேண்டும். போர் முழுவதிலும் பிரான்ஸுக்கு அனுப்பிய வெடிபொருளின் எடையும், ஓட்ஸ், உலர்புல் இவற்றின் எடையும் தனித்தனியே ஐம்பது லட்சம் டன்னைத் தாண்டின. இரண்டில் கனமானது தீவனம்.

தீவனப் பையைத் தலையில் மாட்டுவதிலும் கவனம் வேண்டும். வார் தளர்ந்திருந்தால் குதிரை அடியில் கிடக்கும் தானியத்தை எட்ட தலையைத் தூக்கி உதறும். ஓட்ஸ் சேற்றில் சிந்தும். இறுக்கமாக இருந்தால் மூச்சு முட்டும். தின்று முடித்த பையை அப்படியே விடக் கூடாது, ஒன்றின் பையை இன்னொன்றுக்கு மாட்டவும் கூடாது. மூக்குவழி பரவும் கிளாண்டர்ஸ் என்ற கொடிய தொற்று அப்படித்தான் வரும். (அந்தக் கிருமியையே ஆயுதமாக்கும் முயற்சியும் நடந்தது. 1915இல் அன்டன் டில்கர் என்ற மருத்துவர், நேச நாடுகளுக்குக் கப்பலேறும் குதிரைகளுக்குப் பரப்புவதற்காக, அமெரிக்கத் தலைநகருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் கிளாண்டர்ஸ், ஆந்த்ராக்ஸ் கிருமிகளை ஜெர்மனிக்காக வளர்த்தார்.)

பற்றாக்குறை வந்தபோது குதிரைகள் கட்டுக்கயிற்றையும், போர்வையையும், வண்டியின் மரத்தையும், பக்கத்துக் குதிரையின் வாலையும் மென்றன. டிரைவர்கள் அடுத்த அணியின் தீவனக் குவியலில் இரவில் கைவைத்தார்கள். அது குற்றம்தான். ஆனால் தனக்கு ரொட்டி குறைந்தபோது பொறுத்துக்கொண்ட பையன், தன் குதிரைக்கு ஓட்ஸ் குறைந்தபோது திருடத் துணிந்தான் என்பதை அந்தக் குற்றத்தோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

வேலை முடிந்து வந்ததும் சேணத்தை உடனே இறக்கக் கூடாது. முதலில் வயிற்று வாரைத் தளர்த்தி, சேணம் அப்படியே கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். அழுத்தத்தில் இருந்த முதுகுச் சதைக்கு ரத்தம் மெதுவாகத் திரும்பட்டும் என்பதற்காக. பிறகு இறக்கி, உள்ளங்கையால் முதுகு முழுக்கத் தடவிப் பார்க்க வேண்டும். சூடான ஓர் இடம், சின்ன வீக்கம், தொட்டதும் தோல் சிலிர்ப்பு: நாளைய சேணப்புண்ணின் முதல் அடையாளங்கள் இவைதான். குதிரை மெலிந்தால் முதுகுச் சதை வற்றி, சேணம் தாழ்ந்து எலும்பில் உட்காரும். அப்போது அடியில் விரிக்கும் கம்பளியின் மடிப்பைக் கூட்டித் தூக்கிக்கொடுக்க வேண்டும். எத்தனை மடிப்பு என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நேற்று அந்த முதுகு எப்படி இருந்தது என்று தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

குளம்பைக் குதிகாலிலிருந்து நுனியை நோக்கிக் கொக்கியால் சுரண்ட வேண்டும். எதிர்த்திசையில் சுரண்டினால் நடுவிலுள்ள மென்மையான முக்கோணப் பகுதியில் குத்திவிடும். அழுகிய நாற்றம் வந்தால் ஈரத்தில் நின்று புண்ணாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆணி குத்தி நொண்டிய குதிரைகள் ஏராளம். இதற்குக் காரணம் சமையலறை. குண்டுப் பெட்டிகளின் மரத்தை அடுப்பில் எரித்து, ஆணிகளோடு சாம்பலைச் சாலையோரம் கொட்டினார்கள். எதிரியின் தோட்டாவுக்குத் தப்பிய குதிரை, சொந்தச் சமையல்காரரின் சாம்பலில் கால் வைத்து முடமானது. உள்ளே போன ஆணியின் துளை மூடிக்கொண்டு உள்ளுக்குள் சீழ் பிடிப்பதால், முதல் நாளே கண்டுபிடித்தால் மட்டுமே பிழைக்க வைக்கலாம்.

சேறு படிந்த காலைக் கழுவக் கூடாது என்பது புதியவர்களுக்கு ஆச்சரியமான விதி. கழுவி ஈரமாக விட்டால் குதிகாலின் பின்புறத் தோல் வெடித்துப் புண்ணாகும். காயவிட்டு, பிறகு உதிர்த்துவிட வேண்டும். வைக்கோலை முறுக்கிப் பிடித்து உடம்பெங்கும் அறைந்து தேய்ப்பதும் தினசரி வேலை. தோலில் ரத்தம் ஓடும், பேன் இருந்தால் கண்ணில் படும்.

இப்படி ஒரு குதிரைக்கு இவ்வளவு என்றால் இரண்டுக்கு? நாளின் பெரும்பகுதி அந்த இரண்டு உடம்புகளின் மேல்தான் போகும். நலமான குதிரையின் நாடி ஓய்வில் நிமிடத்துக்கு முப்பதிலிருந்து நாற்பதுக்குள், மூச்சு எட்டிலிருந்து பதினாறு. எண் தெரியாத பையனுக்கும் தன் குதிரையின் மூச்சு இன்று வேறாக இருக்கிறது என்று தெரியும். வயிற்றுவலி வந்த குதிரை முதலில் தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்காலால் தரையைச் சுரண்டும், பிறகுதான் புரளும். புரண்டபின் மருத்துவரைக் கூப்பிட்டால் பெரும்பாலும் தாமதம். திரும்பிப் பார்க்கும்போதே கவனிக்கிற ஒரே ஆள் டிரைவர். பாசம் என்று நாம் சொல்வதில் பாதி இந்தக் கவனம். அதிகாரிகளுக்கும் இது தெரியும். நல்ல அணிகளில் ஜோடியையும் டிரைவரையும் முடிந்தவரை பிரிக்கவில்லை. பின்வரிசையில் குதிரைக் கண்காட்சி நடத்தி, சிறப்பாகப் பராமரித்த ஜோடிகளுக்குப் பரிசும் கொடுத்தார்கள்.

எல்லா ஜோடியும் இப்படி அமையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடிக்கிற குதிரையை அடித்தவர்களும், அடித்ததால் இன்னும் கடித்த குதிரைகளும் உண்டு.

குளிரும் சேறும்

1917 ஏப்ரல் 9 அன்று பிரான்ஸில் அர்ராஸ் தாக்குதல் தொடங்கியபோது பனி பெய்துகொண்டிருந்தது. அதை ஒட்டிய வாரங்களில் குதிரைகள் கூட்டங்கூட்டமாகச் சரிந்தன. குண்டு காரணமல்ல, மூன்று முடிவுகள் ஒன்றாக வந்து சேர்ந்ததுதான் காரணம். முதலாவது, சொறிக்காக முடியைச் சிரைத்தது. சொறி தோலுக்குள் துளையிடும் நுண்பூச்சியால் வருவது, அடர்ந்த குளிர்கால முடிக்குள் மருந்து எட்டாது, வியர்வையும் காயாது. அதனால் குளிர்காலத்தில் முடியை முழுக்கச் சிரைத்தார்கள். கந்தகமும் சுண்ணாம்பும் கலந்த மருந்துத் தொட்டிகளில் குதிரைகளை நீந்தவிட்டு எடுத்தார்கள். சொறிக்கு அது சரியான மருத்துவம். இரண்டாவது, ஓட்ஸ் அளவைக் குறைத்தது. நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. மூன்றாவது, தாக்குதலுக்கான ஓய்வில்லாத பாரம். முடி இருந்து தீவனம் குறைந்திருந்தால் பிழைத்திருக்கும்; தீவனம் இருந்து முடி இல்லாதிருந்தாலும் ஓரளவு தாங்கியிருக்கும். குதிரை தன் உடம்புச் சூட்டைத் தீவனத்தைச் செரித்தே உண்டாக்கிக்கொள்கிறது. உள்ளே அடுப்பும் இல்லை, மேலே கம்பளியும் இல்லை. அடுத்த குளிர்காலத்தில் முழுச் சிரைப்பைக் கட்டுப்படுத்தி, வியர்க்கிற அடிப்பகுதியை மட்டும் சிரைக்கும் முறைக்கு மாறினார்கள். அந்தப் பாடத்துக்கான விலையை அர்ராஸில் குதிரைகள் கொடுத்து முடித்திருந்தன.

இதில் டிரைவரின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். தேய்க்கவும், கழுவவும், புண்ணைப் பார்க்கவும் அவனுக்குத் தெரியும். ஆனால் சிரைக்கச் சொன்னதும், ஓட்ஸைக் குறைத்ததும் அவன் முடிவல்ல. தன் போர்வையை எடுத்துக் குதிரைக்குப் போர்த்தியவர்கள் பலர்.

சில மாதங்களில் பெல்ஜியத்தின் பாஷெண்டேல். 1917 ஜூலை 31 முதல் நவம்பர் 10 வரை நடந்த அந்தப் போரில் வண்டிகள் போக வழியே இல்லாமல் போயிற்று. பீரங்கிக் குதிரைகளைப் பொதிக்குதிரைகளாக்கினார்கள். பக்கத்துக்கு நான்காக ஒரு குதிரைக்கு எட்டுக் குண்டுகள். ஒரு 18 பவுண்டர் குண்டு வெடிமருந்துக் குப்பியோடு பத்துக் கிலோவுக்கு மேல். எட்டு என்றால் எண்பதுக்கு மேல். டிரைவர் ஏறுவதில்லை, முன்னால் நடப்பார். பலகை பரப்பிய ஒற்றைப் பாதை, இரண்டு பக்கமும் தண்ணீர் நிறைந்த குண்டுக் குழிகள். எதிரே வரும் வரிசைக்கு வழிவிட ஒரு குளம்பு பலகையை விட்டு இறங்கினால் போதும்.

சேற்றில் புதைந்த குதிரையைத் தூக்குவதற்கு முறை இருந்தது. முதலில் பொதியின் வாரை வெட்டிக் குண்டுகளை இறக்க வேண்டும். கயிற்றைக் கழுத்தில் கட்டினால் மூச்சடைத்துவிடும். மார்பைச் சுற்றித்தான் கட்ட வேண்டும். முன்கால்களைத் தோண்டி விடுவித்து, அடியில் பலகை செருகி, அது ஊன்ற ஏதாவது கொடுத்தபிறகே இன்னொரு ஜோடியை வைத்து இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கால் முறியும். குதிரை இந்த நேரத்தில் துள்ளினால் இன்னும் ஆழமாகப் போகும். அதை அடக்கி வைக்கிற ஒரே கருவி, தலைமாட்டில் மண்டியிட்டுப் பேசிக்கொண்டிருக்கிற டிரைவரின் குரல். அதிலும் முடியாதபோது துப்பாக்கி. எங்கே சுட வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு காதின் அடியிலிருந்தும் எதிர்ப்பக்கக் கண்ணுக்கு ஒரு கோடு இழுத்தால் இரண்டும் வெட்டுகிற இடம். பழக்கமில்லாதவர்கள் கண்களுக்கு நடுவே குறிவைப்பார்கள். மூளை அதற்கு மேலே இருக்கிறது. குதிரை சாகாமல் துடிக்கும்.

குதிரை நின்றபடியே தூங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முழங்கால் பூட்டிக்கொள்ளும் அமைப்பு அதற்கு இருக்கிறது. ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது கொஞ்ச நேரமாவது படுத்தே ஆக வேண்டும். முழங்காலளவு சேற்றில் கட்டுக்கயிற்றில் நிற்கும் குதிரை எங்கே படுக்கும்? வாரக்கணக்கில் படுக்காத குதிரை நின்ற இடத்திலேயே தள்ளாடி விழும். செங்கல் துண்டு, இடிந்த வீட்டுக் கல், சுள்ளி என்று கிடைத்ததைச் சுமந்துவந்து குதிரையின் காலடியில் நிரப்புவது டிரைவர்களின் ஓய்வுநேர வேலையாக இருந்தது.

நச்சுவாயுவிலிருந்து காக்கக் குதிரைக்கும் முகமூடி கொடுத்தார்கள். குதிரை வாயால் மூச்சுவிடாது, மூக்கால் மட்டுமே. அதனால் மருந்தில் நனைத்த துணிப்பையை மூக்கில் மாட்டினால் போதும். பார்க்கத் தீவனப் பை போலவே இருந்ததால் பல குதிரைகள் அதை மெல்லத் தொடங்கின. கடுகு வாயு வந்தபின் இதுவும் போதவில்லை. அது தரையில் தங்கி, நடந்து போகும் கால்களையும் வயிற்றுத் தோலையும் வேகவைத்தது.

குண்டுச் சத்தத்துக்குக் குதிரைகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பழகின. அதற்குக் காரணம் பெரும்பாலும் கூட்டாளிதான். மந்தையில் வாழும் பிராணி, பக்கத்தில் இருப்பவன் ஓடவில்லை என்றால் தானும் நிற்கும். அந்தப் பக்கத்தில் இருப்பவன் ஜோடிக் குதிரையாகவும் இருக்கலாம், முதுகில் இருக்கும் பையனாகவும் இருக்கலாம். தொடைகள் இறுகினால், லகான் பிடித்த கை நடுங்கினால், குதிரைக்கு உடனே தெரிந்துவிடும். தன் பயத்தைக் குதிரையிடமிருந்து மறைக்கக் கற்றுக்கொண்டதன் மூலமே பல பையன்கள் பயத்தை அடக்கக் கற்றார்கள் என்பது எங்கள் கணிப்பு.

ஜோடியில் ஒன்று செத்தால் மற்றது நாட்கணக்கில் சரியாகத் தின்னாது. அடிபட்ட குதிரையின் இழுவை வார்களை வெட்டி ஒதுக்கிவிட்டு மீதியோடு பீரங்கியை நகர்த்த வேண்டும் என்பது விதி. இடம் காலியானதும் வேறொரு குதிரை வரும், அதே சேணம் அதன்மேல் ஏறும்.

காயம்பட்டவை எல்லாம் இழப்பாகிவிடவில்லை. ராணுவக் கால்நடை மருத்துவப் படையின் பிரான்ஸ் மருத்துவமனைகளுக்கு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் வந்து சேர்ந்தன. நான்கில் மூன்றுக்குச் சற்றுக் குறைவாகக் குணமாகித் திரும்பின. அந்தக் காலத்துக்கு இது மிகப்பெரிய சாதனை. ஆனால் இங்கேதான் உறவு அறுந்தது. மருத்துவமனைக்கு அனுப்பிய குதிரையோடு டிரைவர் போவதில்லை. குணமான குதிரை மாற்றுக் கிடங்குக்குப் போகும். அங்கிருந்து எந்த அணி கேட்டதோ அந்த அணிக்கு. பழைய பையனிடம் திரும்பி வருவது அரிது. அதனால் சின்னப் புண்களைத் தங்கள் கைவைத்தியத்திலேயே ஆற்றப் பார்த்தார்கள். சில நேரம் பலித்தது, சில நேரம் புண் புரையோடிப் போனது.

அதிகாரிகளின் சொந்தக் குதிரைகளுக்கு விதி வேறு. ஜெனரல் ஜாக் சீலியின் குதிரை வாரியர் போரில் பிழைத்து, வீடு திரும்பி, 1941 வரை வாழ்ந்தது. அதுவும் தான் பிறந்த வைட் தீவில். ஒரு டிரைவரின் குதிரைக்கு இந்த வாய்ப்பு இல்லை. இங்கிலாந்தில் ரஸ்லி பார்க் போன்ற இடங்களில் இளம்பெண்களே நடத்திய மாற்றுக் கிடங்குகளும் இருந்தன. தளர்ந்துபோன குதிரைகளை அவர்கள் மாதக்கணக்கில் தேற்றி, நடக்கவிட்டு, மறுபடி போருக்கு ஒப்படைத்தார்கள்.

கணக்குத் தீர்த்தல்

1917இல் எல்லாப் போர்முனைகளிலும் சேர்த்து பிரிட்டிஷ் ராணுவத்திடம் ஏறத்தாழ 8,70,000 குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இருந்தன. போர் முடிவதற்குள் ஒட்டகம், காளை உள்பட இறந்த விலங்குகள் ஏறத்தாழ 4,84,000. மேற்குப் போர்முனையில் இறந்த குதிரைகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே எதிரியின் தாக்குதலில் செத்தது. மற்றவற்றைக் கொன்றது நோயும் களைப்பும் குளிரும் பசியும்.

1918 நவம்பரில் சண்டை நின்றதும் மிச்சமிருந்த குதிரைகளை வயது, உடல்நிலை பார்த்துத் தரம் பிரித்தார்கள். இளமையும் திடமும் உள்ளவற்றில் ஒரு பகுதி ராணுவத்துக்கு அல்லது பிரிட்டனுக்கு. வயதானவையும் தளர்ந்தவையும் இறைச்சிக்கு. மீதி பிரான்ஸ், பெல்ஜிய விவசாயிகளுக்கு ஏலம். நிதி நோக்கில் பார்த்தால் இதில் தவறு காண முடியாது. அந்த நாடுகளின் வயல்களுக்கு இழுவைக் குதிரை அவசரமாகத் தேவைப்பட்டது, கப்பலில் இடமும் இல்லை. ஆனால் நான்கு வருடம் ‘உன் குதிரை, உன் பொறுப்பு’ என்று சொல்லி வளர்த்த பையனிடம், ஏலத்தன்று அதே குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். சேர்ந்து பணம் போட்டு ஏலத்தில் கேட்டுப் பார்த்த வீரர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் சம்பளம் எட்டவில்லை. ஊருக்குத் திரும்பிய குதிரைகள் அறுபதாயிரம் அளவில்தான். அதுவும் 1919 தொடக்கத்தில் போர் அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் கப்பல் இடம் கேட்டு அதிகாரிகளை நெருக்கியதால் வேகம் பிடித்தது.

ஆஸ்திரேலியர்களுக்கு இதைவிடக் கடுமை. வேலர் இனக் குதிரைகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் கடல் கடந்து போயின. நோய்த்தடுப்பு விதிகளையும் செலவையும் காட்டி, ஒன்றைத் தவிர எதையும் திரும்பக் கொண்டுவரவில்லை. ஊருக்குத் திரும்பியது ஜெனரல் பிரிட்ஜஸின் சாண்டி ஒன்றுதான்.

எகிப்தில் ஆயிரக்கணக்கான குதிரைகளை விற்றுவிட்டுப் படைகள் கிளம்பின. 1930இல் கெய்ரோவுக்கு வந்த டாரதி புரூக் என்ற பிரிட்டிஷ் பெண், கல் வண்டிகளிலும் பார வண்டிகளிலும் அந்தக் குதிரைகளைக் கண்டார். இருபது வயதைத் தாண்டி, எலும்பும் தோலுமாக, சில பார்வை இழந்து, தொடையில் ராணுவத்தின் அம்புக்குறிச் சூட்டோடு. ஒரு லண்டன் நாளிதழுக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் ஐந்தாயிரம் குதிரைகளை வாங்கினார். பெரும்பாலானவை இனி பிழைக்க முடியாத நிலையில் இருந்தன. அவற்றுக்குச் சில நாள் நல்ல தீவனமும், தண்ணீரும், படுக்க வைக்கோலும் கொடுத்து, பிறகு வலியில்லாமல் முடித்துவைத்தார்கள். 1934இல் அவர் தொடங்கிய போர்க்குதிரை மருத்துவமனை இன்றும் கெய்ரோவில் நடக்கிறது. இப்போது அங்கே வருபவை வண்டி இழுக்கும் குதிரைகளும் கழுதைகளும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருபவர்களில் பலர் சிறுவர்கள்.